புல்தரையைத் தோண்டுவது எது?

டிசம்பர் 18, 2024
செங்கல்பட்டை ஒட்டிய எங்கள் குடியிருப்பின் புல்தரையில், ஊஞ்சலுக்கு அருகே மூன்று புதிய மண்மேடுகள் எழுந்துள்ளன. எலிமருந்து வைத்துவிடலாம் என்று பலரும் கூறினார்கள். தோண்டுவது எது என்று அறியாமல் குழந்தைகள் விளையாடும் இடத்தில் நஞ்சு வைக்கக் கூடாது என்று சொல்லி, பத்து நாள் அவகாசம் பெற்றேன்.

டிசம்பர் 19
மண்மேடுகளைக் கிளறிப் பார்த்தேன். வளையின் வாய் உள்ளிருந்தே புதுமண்ணால் அடைக்கப்பட்டிருந்தது. இது மண்ணைத் தோண்டி வாழும் கரம்பை எலியின் வழக்கம். பெரிய பெருச்சாளியின் வளை இதைவிட அகலமாக, பெரும்பாலும் சுவரோரத்திலும் குப்பைமேட்டிலும் இருக்கும். மேடுகளுக்கு இடையே புல் கோடு கோடாகப் பழுத்திருந்ததற்கும் இப்போது காரணம் விளங்கியது: அடியில் சுரங்கம் ஓடுவதால் வேர்கள் மண்ணைப் பற்ற முடியாமல் காய்கின்றன. காவலாளி இரவில் கண்டு "எலிக்குட்டி" என்று சொன்னது மூஞ்சூறு என்பது அவர் சொன்ன நீண்ட மூக்கிலிருந்து தெரிந்தது. அது எலி இனமே அன்று. கரப்பானையும் புழுபூச்சிகளையும் தின்று நமக்கு உதவும் அந்த உயிரை அடிக்க வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 20
நேற்று மாலை கண்ணில் பட்ட 17 வளைகளையும் மண்ணிட்டு மூடினோம். இன்று காலை 6 மட்டுமே திறந்திருந்தன. எலி குடியிருக்கும் வளைகள் அவைதாம். அவற்றின் அருகே குச்சி நட்டு அடையாளம் வைத்தேன். புறாக்களுக்கு இறைக்கும் அரிசி இரவு முழுவதும் தரையில் கிடப்பதும், குப்பைத்தொட்டியின் மூடி உடைந்திருப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டன. உணவு இருக்கும்வரை ஓர் எலி போனால் இன்னொன்று வந்து குடியேறும் என்பதால், இவ்விரண்டையும் இன்றே சரிசெய்தோம்.

டிசம்பர் 21
மருந்துப் பேச்சு மீண்டும் எழுந்தது. துத்தநாகப் பாஸ்பைடு என்ற எலிமருந்து வயிற்றில் நச்சுவாயுவாக மாறிக் கொல்வது. அதற்கு மாற்றுமருந்து கிடையாது. சிறிதளவு தின்று பிழைத்த எலி, அந்த இரையை மறுபடி தொடுவதில்லை. புரோமாடியோலோன் என்ற இன்னொரு மருந்து இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்கள் கழித்தே கொல்வதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் நஞ்சேறித் தள்ளாடும் எலியைக் கூகை எளிதில் பிடித்துத் தின்னும், பிறகு கூகையும் சாகக்கூடும். எங்கள் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஓர் இணைக் கூகை இருக்கிறது. இரவுதோறும் ஊதியமின்றி எலி பிடிக்கும் அந்தப் பறவைகளை இழக்க நான் உடன்பட மாட்டேன். வளைக்குள் போடும் அலுமினியப் பாஸ்பைடு மாத்திரையோ வீடுகளுக்கு அருகே பயன்படுத்தவே கூடாதது. அதன் வாயு சுரங்கம் வழியே எங்கு போய் வெளிப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பொறி வைப்பதென்று முடிவாயிற்று. புதிய பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும் என்பதால், மூன்று இரவுகள் பொறியை விசைக்காமல் சுட்ட தேங்காய்ச் சில்லை மட்டும் வைக்கிறோம்.

டிசம்பர் 25
நேற்றிரவு பொறிகளை விசைத்தோம், 2 சிக்கின. பகலில், எலி பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் வந்தார். கடப்பாரையை எடுக்குமுன் அவர் நெடுநேரம் தரையைப் பார்த்தபடியே நடந்து, மெல்லிய மண்போர்வைக்கு அடியில் மறைந்திருந்த தப்பும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தார். நான் ஒரு வாரமாகப் பார்த்தும் அவற்றில் ஒன்றையும் கண்டதில்லை. பிறகு தோண்டி 3 எலிகளைப் பிடித்தார். உள்ளறையில் புறாவுக்கு இட்ட அரிசி குவிந்திருந்தது.

டிசம்பர் 28
சுரங்கங்களை மண்ணிட்டு இறுகத் திமிசு போட்டு, சுவரோரத்தில் இரண்டடி ஆழத்துக்கு அரை அங்குலக் கம்பிவலை பதித்தோம். எலிச் சிறுநீர் கலந்த ஈரமண்ணால் எலிக்காய்ச்சல் பரவக்கூடும் என்பதால், அனைவரும் கையுறையும் காலணியும் அணிந்தே வேலை செய்தோம். காலையில் பார்த்தபோது வடிகாலோரத்தில் ஒரே ஒரு வளை மட்டும் திறந்திருந்தது. இன்றிரவு பொறி அங்கே இருக்கும்.