மூன்று மணி நேரத் துறைமுகங்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வளர்ந்த எவருக்கும் கப்பல் புதிது இல்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும், இரவில் ஹோர்ன் சத்தம் கேட்கும். ஆனால் சுற்றுலாக் கப்பலில் வேலைக்கு ஏறுவது எப்படி என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. நான் ஏறி, ஒரு கொன்ட்ராக்ட் முடித்துவிட்டு வந்திருக்கிறேன். போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு உதவும் என்று நடந்தபடியே எழுதுகிறேன்.

ஹோட்டல் ஒன்றில் மூன்று வருடம் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தேன். அந்த அனுபவம் போதும் என்று கேள்விப்பட்டு முதலில் போன ஏஜென்சியில், இருந்தவர் என் சான்றிதழ்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "தம்பி, நாலு லட்சம் கட்டுங்கோ, அடுத்த மாசம் கப்பல்ல நிப்பீங்க" என்றார். வீட்டில் சொன்னதும் அம்மா சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். அன்றிரவு, முன்பு கப்பலில் இருந்த அண்ணா ஒருவரிடம் கதைத்ததால்தான் அந்தச் சங்கிலி தப்பியது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் என்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. கப்பலில் வேலை எடுத்துத் தருவதற்காக வேலைக்குப் போகிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது அது. பாஸ்போர்ட், கடலோடிகளுக்கான அடையாளப் புத்தகமான சீமன் புக், சட்டப்படியான மருத்துவச் சான்றிதழ், இவற்றின் செலவு நம்முடையது. விசாச் செலவுகூடக் கப்பல் உரிமையாளருடையதுதான். இது தெரியாமல் நகையை அடகு வைத்தவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. வேலைக்கென்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது இடத்தில் நேர்முகம் ஒழுங்காக நடந்தது. "துவாய் அழுக்கு என்று பயணி கத்தினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். ஹோட்டலில் தினமும் நடந்ததைச் சொன்னேன். அப்புறம்தான் உண்மையான ஓட்டம் தொடங்கியது. பொலிஸ் அறிக்கை, மெடிக்கல், கோட்டையில் வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தில் சீமன் புக், கொள்ளுப்பிட்டியில் அமெரிக்கத் தூதரகத்தில் கப்பல் ஊழியர்களுக்கான சி1/டி விசா. எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி எடுத்து வைத்திருந்தேன். ஆனாலும் ஓர் இடத்தில் பிழைவிட்டேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பது பொரளையில் வரிசையில் நிற்கும்போதுதான் தெரியவந்தது. கப்பலேறும் நாள் இரண்டு வாரம் தள்ளிப்போனது. அந்த ஊசியை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

சீமன் புக் எடுக்கும் முன்பே, கடலோடிகளுக்கான சர்வதேசப் பயிற்சித் தரமான எஸ்.டி.சி.டபிள்யூவின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. கடலைப் பார்த்தே வளர்ந்தும் கால் நனைப்பதோடு சரி. உயிர்காப்பு அங்கி போட்டு, உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்கச் சொன்னார்கள். ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்த வேண்டும், மறு கையால் அங்கியைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் விழும்போது அது மேலே எழும்பித் தாடையில் அடிக்கும். கால்கள் சேர்ந்திருக்க வேண்டும், கண் நேரே பார்க்க வேண்டும், கீழே பார்க்கவே கூடாது. இரண்டு பேரை முன்னால் விட்டுவிட்டு மூன்றாவதாகக் குதித்தேன். தலை வெளியே வந்து மூச்சு எடுத்த அந்த நொடியில்தான், போகத்தான் போகிறேன் என்று மனம் உறுதியானது.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து தோஹா, அங்கிருந்து மயாமி. கப்பலில் ஏறியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஓர் அட்டை தந்தார்கள். ஏழு சிறிய ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் நான் நிற்க வேண்டிய இடம் எது என்று அதைப் பார்த்து மனப்பாடம் செய்தேன். அறை கடல்மட்டத்துக்குக் கீழே. ஜன்னல் இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டில், திரை. மேல் கட்டிலில் தூத்துக்குடிக்காரர் ஒருவர். "தம்பி, மொதப் பத்து நாள் எந்த முடிவும் எடுக்காத" என்றார். அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. கொன்ட்ராக்ட் முடியும்வரை விடுமுறை நாள் என்று ஒன்று கிடையாது. காலையில் பயணிகளின் அறைகளைத் துப்புரவாக்கினால் பிற்பகல் ஆகிவிடும். மாலையில் அதே அறைகளுக்குள் மறுபடி போய்ப் படுக்கை விரிக்க வேண்டும். ஒரு நாளில் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு என்று விதி இருக்கிறது. ஆனால் அதை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பகுதி ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால் சரி. அதனால் தூக்கமும் துண்டு துண்டாகத்தான் வரும்.

நடுவில் வரும் அந்தப் பிற்பகல் இடைவேளைதான் நாங்கள் ஊர் பார்க்கும் நேரம். மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். அதுவும் எல்லாத் துறைமுகத்திலும் இல்லை. கப்பல் கரையில் நிற்கும்போதும் அவசரத்துக்கு ஒரு பகுதி ஊழியர்கள் உள்ளே இருக்க வேண்டும். அதை ஐ.பி.எம். என்பார்கள். மெக்சிகோவின் கோசுமேலுக்கு முதல்முறை போனபோது எனக்கு ஐ.பி.எம்., பஹாமாஸின் நாசோவுக்குப் போனபோது நல்ல தூக்கம். மூன்றாவது மாதத்தில்தான் பழக்கம் வந்தது. முதல்நாள் இரவே சீருடைக்குப் பக்கத்தில் சாதாரண உடையை எடுத்து வைப்பேன். ஒரு துறைமுகத்தில் ஒரே ஓர் இடம் என்று முடிவெடுத்துவிட்டு, திரும்ப வேண்டிய நேரத்துக்கு அரை மணி முன்னால் போனில் அலாரம் வைப்பேன்.

கரிபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவின் ஃபோர்-து-பிரான்ஸில் நான் எடுத்துக்கொண்ட ஒரே இடம் சந்தை. கப்பல் நிற்கும் இடத்திலிருந்து நடந்தே போகலாம். கூரை போட்ட பெரிய சந்தை, ஜாதிக்காயும் கறுவாவும் மணக்கிறது. ஒரு கடையில் மஞ்சள் பொடிப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் எழுதியிருந்தது எங்கள் ஊரின் பெயர். கொலம்போ. எழுத்துக்கூட மாறவில்லை. அந்தக் கடைக்கார அம்மாவிடம் போனில் வரைபடத்தைத் திறந்து, இலங்கையைப் பெரிதாக்கி, அதே பெயரைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

இரவு மேல் கட்டில் அண்ணாவிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. 1848இல் அங்கே அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கினார்கள். புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து கப்பலேறிய தமிழர்கள் அவர்களில் ஏராளம். அவர்கள் வைத்த கறிதான் இன்று அந்தத் தீவில் கொலம்போ. பெயர் கொழும்பு நகரத்திலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு, குழம்பு என்ற சொல்தான் அப்படி ஆனது என்பவர்களும் உண்டு. என் மனம் குழம்பின் பக்கம்தான். அவர்களுக்கும் ஒரு கொன்ட்ராக்ட் இருந்தது, ஐந்து வருடம். திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர். அன்று வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

நான் ஏழாவது மாதம் திரும்பி வந்தேன். பெட்டியைத் திறந்ததும் அம்மா எடுத்தது அந்தச் சந்தையில் வாங்கிய கொலம்போப் பொட்டலத்தைத்தான். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி முகர்ந்து பார்த்தார். "மல்லி இருக்கு, மஞ்சள் இருக்கு, வெந்தயமும் இருக்கு. மிளகாய் எங்கயடா?"

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொடி போட்டுத்தான் கோழிக்கறி வைத்தார், எங்கள் வறுத்த மிளகாய்த்தூளில் இரண்டு கரண்டி சேர்த்து.