அண்ணனின் டிரெட்மில்லும் ஒரு கடிதமும்

நம் வீட்டில் கிடப்பதாலேயே ஒரு பொருள் நம்முடையதாகிவிடாது. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். வெளியூருக்கு மாறிப் போனபோது, "வீடு அமைஞ்சதும் எடுத்துக்கறேன்டா" என்று சொல்லிச் சாமான்களை இறக்கிவிட்டுப் போனார். ஒரு டிரெட்மில், டேப் ஒட்டிய அட்டைப்பெட்டிகள், பூட்டிய டிரங்குப் பெட்டி. அவருக்கு வீடும் அமைந்தது, அதை விற்று இன்னொன்றும் வாங்கியாயிற்று. கேட்டால் "அடுத்த மாசம்" என்பார்.

"உன் வீடுதானே, தூக்கிப் போடு" என்று சொல்லாதவர்கள் இல்லை. வக்கீலாக இருக்கும் ஒரு தோழிதான் தடுத்தாள். வைத்துக்கொள்ளச் சம்மதித்து வாங்கிய பொருளுக்கு, வாடகை வாங்காவிட்டாலும், ஓரளவு பொறுப்பு உண்டு. வேண்டுமென்றே கெடுத்தாலோ சொல்லாமல் விற்றாலோ அவர் இழப்பீடு கேட்கலாம். அதற்காக ஆயுளுக்கும் சுமக்க வேண்டியதில்லை. நியாயமான அவகாசம் கொடுத்து, "இந்தத் தேதிக்குள் எடுக்காவிட்டால் இன்னது செய்வேன்" என்று எழுத்தில் தெரிவித்து, அது போய்ச் சேர்ந்ததற்குச் சான்று வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை நாள் அவகாசம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். விலை உயர்ந்த பொருளை நீதிமன்ற அனுமதியோடு விற்பதே சில நாடுகளில் பாதுகாப்பு. இந்த இரண்டையும் உள்ளூர் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் எளிதாகத்தான் இருந்தது. அண்ணனுக்கு நோட்டீஸ் விடுவதுதான் கை நடுங்க வைத்தது. முதலில் போனில் சொல்லிவிட்டேன். பிறகு, "அன்புள்ள அண்ணனுக்கு, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலமா?" என்று தொடங்கி, பட்டியல் போட்டேன். "டிரெட்மில், வலப்பக்கக் கைப்பிடி உறை கிழிந்துள்ளது. டிரங்குப் பெட்டி, பூட்டியது, திறக்கவில்லை." அந்தத் 'திறக்கவில்லை' முக்கியம். நாளைக்கு உள்ளே நகை இருந்தது என்று பேச்சு வந்தால் யார் பதில் சொல்வது? போட்டோக்களையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பெரியம்மா போன் செய்தார். "நோட்டீஸ் விடற அளவுக்கு ஆயிட்டோமா தம்பி?" என்னிடம் பதில் இல்லை. ஆனால் பல வருஷமாக நகராத விஷயம் அந்த வாரமே நகர்ந்தது. "டிரங்கை நான் எடுத்துக்கறேன், மத்ததை என்ன வேணா பண்ணிக்கோ" என்று அண்ணன் வாட்ஸாப்பில் அனுப்பினார். 'மத்தது' என்றால் எது எது? "டிரெட்மில்லும் சேர்த்தா?" என்று திருப்பிக் கேட்டேன். "ஆமாடா." அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் அட்டைப்பெட்டிகளைப் பிரித்தேன். சான்றிதழ்களும் காலாவதியான பாஸ்போர்ட்டும் ஒரு பழைய லேப்டாப்பும் கிடைத்தன. அனுமதி இருந்தாலும் இவற்றில் கை வைக்கவில்லை. ஒரு கவரில் போட்டு டிரங்கோடு வைத்தேன். டிரெட்மில் விற்ற காசில் வண்டிச் செலவை மட்டும் ரசீதோடு கழித்துக்கொண்டு மிச்சத்தை அவருக்கே அனுப்பினேன். என்ன வேணா பண்ணிக்கோ என்றாரே தவிர, காசை வைத்துக்கொள் என்று சொல்லவில்லையே. அவர் எனக்குத் தரவேண்டிய கைமாற்று ஒன்று உண்டு, அதையும் இதிலேயே நேர் செய்துவிடலாமா என்று சபலம் வந்தது. "அது வேற கணக்கு" என்று தோழி ஒரே போடாகப் போட்டாள்.

பொருளுக்கு உரியவர் இறந்திருந்தால் கதை வேறு. வாரிசுகள் எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும், முதலில் வந்து நிற்பவரிடம் கொடுத்துவிடக் கூடாது. தவணை முடியாத வண்டி என்றால் கடன் கொடுத்தவருக்கும் அதில் உரிமை இருக்கலாம்.

டிரங்கை எடுக்க அண்ணனே வந்தார். பட்டியலின் கீழே "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துக் கேட்டேன். முறைத்தார், போட்டார். இப்போது சகஜமாகப் பேசுகிறார். பெரியம்மாதான் இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறார்.