அம்மாவின் வாந்திக்குக் காரணம் வயிற்றில் இல்லை

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் அந்த எண்டோஸ்கோபி சென்டரை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

மேற்கு மாம்பலத்தில் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் 'கேஸ்' என்று ஊசி போட்டார்கள். வாந்தி நிற்காததால் எண்டோஸ்கோபி எழுதிக் கொடுத்தார்கள். எழுபது வயதைத் தாண்டியவரை வெறும் வயிற்றோடு ஆட்டோவில் கூட்டிப்போனால், "டாக்டர் இன்னிக்கு வரலை சார், நாளைக்கு வாங்க" என்றது கவுண்டர். ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்கதான் கேட்டுட்டு வரணும்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். பெஞ்சில் சாய்ந்திருந்த அம்மா, "இது எந்தக் கோயில்?" என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

நேராக வேறொரு மருத்துவமனையின் எமர்ஜென்சிக்குப் போனோம். அங்கிருந்த டூட்டி டாக்டர் முதலில் இ.சி.ஜி. எடுத்தார், சுகர் பார்த்தார். வயதானவர்களுக்கு ஹார்ட் அட்டாக் நெஞ்சுவலி இல்லாமல் வெறும் வாந்தியாகவும் வருமாம். சாப்பிட்டதும் வருகிறதா, தலைவலி உண்டா, சிறுநீர் போகிறதா, வாந்தி பச்சையா, காப்பித்தூள் நிறமா என்று வரிசையாகக் கேட்டார். அப்புறம், "அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க? அட்டையைக் காட்டுங்க." அதுவரை யாருமே கேட்காத கேள்வி!

அட்டைகள் பையிலேயே இருந்தன. போன மாதம் மாற்றிய பிரஷர் மாத்திரையில் குளோர்தாலிடோன் என்ற மருந்து சேர்ந்திருந்தது. சிறுநீரோடு உப்பையும் வெளியேற்றும் வகை. வயதான பெண்களுக்குச் சோடியம் இறங்க இது ஒரு முக்கியக் காரணம். ரத்தத்தில் 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய சோடியம் அம்மாவுக்கு 116. குமட்டல், வாந்தி, குழப்பம் எல்லாம் அதனால்தான். வேகமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்பதால் ஐ.சி.யு.வில் வைத்து மெதுவாக ஏற்றினார்கள். அட்மிஷன், இன்சூரன்ஸில் சிக்கல் எதுவும் இல்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு வாந்தி நீடித்தால் எலக்ட்ரோலைட்ஸ் (சோடியம் போன்ற உப்புகளின் அளவு), கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான். மாத்திரைப் பெயரை எழுதிக்கொண்டு போகாதீர்கள், அட்டைகளையே எடுத்துப்போங்கள். பேச்சு குழறினாலோ, ரத்தமாக வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் நின்றாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். எங்களுக்கு டாக்டரே வேறு மாற்றிக் கொடுத்தார். பழைய மருந்து இனி கூடாது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் கேட்டு எழுதி வாங்கினேன்.