சேனல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துக் கடைக்கு ஒரு வீடியோ எடுத்துக் குடுங்க

"அண்ணே, யூடியூப் சேனல் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், என்ன கேமரா வாங்கலாம்"னு அடிக்கடி போன் வருது. பெரும்பாலும் காலேஜ் முடிச்ச பசங்க, உசிலம்பட்டி, மேலூர், அலங்காநல்லூர் பக்கம். தனித்தனியா சொல்லி முடியல, அதான் இங்கயே எழுதிடுறேன். நான் மதுரை புதூர்ல வீடியோ எடிட்டிங் பாக்குறவன். கல்யாண வீடியோவுல ஆரம்பிச்சது, இப்ப பாதிக்கு மேல கடைகளுக்கு வீடியோ எடுத்துக் குடுக்குறதுதான் பொழப்பு.

முதல்ல காசு கணக்கப் பேசிருவோம். யூடியூப்ல விளம்பரக் காசு வரணும்னா 1000 சப்ஸ்கிரைபர் வேணும், கூடவே கடைசி 12 மாசத்துல 4000 மணி நேரம் ஜனங்க பாத்திருக்கணும், இல்லன்னா 90 நாள்ல ஷார்ட்ஸ் 1 கோடி வியூஸ் போயிருக்கணும். 4000 மணி நேரம்னா 2,40,000 நிமிஷம், ஒரு ஆள் 3 நிமிஷம் பாக்குறாருன்னு வைங்க, 80,000 வியூஸ் ஆச்சு, அதுலயும் ஷார்ட்ஸ் ஃபீட்ல பாத்த நேரம் இந்தக் கணக்குல சேராது. எல்லாம் தாண்டுனா பெரிய வீடியோ விளம்பரத்துல 55 சதவீதம் நமக்கு, ஷார்ட்ஸ்ல 45. இந்தக் காசக் கூகுள் குடுக்குற கணக்குக்குப் பேரு ஆட்சென்ஸ், அதுல 10 டாலர் சேந்ததும் அட்ரஸச் சரிபாக்க ஒரு பின் நம்பர் வீட்டுக்குத் தபால்ல வரும், அதனால அட்ரஸ்ல கதவு நம்பர், தெரு, பின்கோடு பூராம் சரியாப் போடுங்க, 100 டாலர் சேந்தாத்தான் பேங்குக்கே வரும். அமெரிக்க வரி ஃபார்ம மறக்காம நிரப்பிருங்க. அத விட்டா மொத்த வருமானத்துலயும் 24 சதவீதம் வரைக்கும் புடிச்சிருவான், நிரப்பி இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தக் காட்டுனா அமெரிக்காவுல இருந்து பாத்தவங்க காசுல மட்டும் 15 சதவீதம்தான்.

இதச் சொல்லிப் பயமுறுத்த வரல. புதுக்கோட்டை மாவட்டத்துல, சின்ன வீரமங்கலத்துல இருந்து வர்ற வில்லேஜ் குக்கிங் சேனல் 2018ல ஆரம்பிச்சு 2021ல 1 கோடி சப்ஸ்கிரைபரத் தொட்டுச்சு, அதுக்காக அவங்க சென்னைக்குப் போய் ரூம் எடுக்கல, வயக்காட்டுலயேதான் அடுப்பு மூட்டுனாங்க. எனக்கு அதுல ரொம்பப் பெருமை. ஆனா அதப் பாத்துட்டு அண்டாவத் தூக்கிட்டு கம்மாக்கரைக்குப் போனவங்க எத்தன பேரு, அதுல இன்னைக்கும் ஓடுற சேனல் எத்தனைன்னு நீங்களே தேடிப் பாருங்க. விளம்பரக் காசு வர்ற வரைக்கும் வீட்டுல யாரு சாப்பாடு போடுவா? அதுக்குத்தான் சொல்றேன், முதல் வருமானத்த சேனல்ல தேடாதீங்க, கடைத்தெருவுல தேடுங்க.

விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடி சேலைக் கடைக்கு வீடியோ எடுக்கப் போனேன், துணியில முடிச்சு முடிச்சாக் கட்டிச் சாயம் ஏத்துற சேலை அது. கடைக்கார அக்கா வாட்ஸ்அப்லயே நிறைய விக்கிறாங்க, கோயம்புத்தூர், பெங்களூர்னு கூரியர் போகுது. ஆனா வித்ததுல பாதி "கலர் வேற மாதிரி இருக்கு"ன்னு திரும்பி வந்து கூரியர் காசும் தண்டம். பாத்தா கடைக்குள்ள டியூப் லைட், எல்இடி, ஷோகேஸ்ல மஞ்ச லைட்டுனு மூணு வெளிச்சம், அதுல அரக்கு சேலை போன்ல தக்காளி மாதிரி தெரியுது. சேலைகளத் தூக்கிட்டு வாசப்பக்கம் வந்துட்டோம், வெயில் நேரா அடிக்காத நெழல்ல. ஒரு வெள்ள வேட்டிய விரிச்சு அது வெள்ளையாவே தெரியிற மாதிரி ஒயிட் பேலன்ஸ செட் பண்ணி லாக் பண்ணி, அப்பறம்தான் சேலையக் காட்டுனோம். பேக்ரவுண்ட்ல பாட்டு வேணாம்க்கானு சொல்லிட்டேன். முடிச்சு அவுக்காத சேலைய ரெண்டு பேரு ரெண்டு முனையப் புடிச்சு இழுத்தா படபடபடன்னு முடிச்சு பூராம் தெறிச்சு உள்ள இருந்து வெள்ளப் புள்ளி வரிசையா வருது பாருங்க, அந்தச் சத்தத்துக்கு மைக்கக் கிட்டக்க வச்சேன். 30 செகண்ட் வீடியோ, அவ்வளவுதான். அதப் பாத்துட்டு ஆளுக கேட்டதே அந்த முடிச்சு அவுக்குற சேலை இருக்கானுதான். திரும்பி வர்ற பார்சலும் கொறஞ்சிருச்சுனு அக்கா சொன்னாங்க, இப்ப மாசா மாசம் அந்தக் கடை வேலை நம்மகிட்டதான்.

இந்த மாதிரி வேலை மதுரையச் சுத்தி கொட்டிக் கெடக்கு, கேக்கத்தான் ஆள் இல்ல. கப்பலூர்ப் பக்கம் சின்னச் சின்னக் கம்பெனிக மிஷின் செஞ்சு வெளியூருக்கு அனுப்புறாங்க, அத எப்படி மாட்டுறது, எப்படி ஆயில் விடுறதுனு ஒவ்வொரு கஸ்டமருக்கும் போன்ல தொண்ட கிழியக் கத்துறாங்க, 5 நிமிஷ வீடியோ ஒண்ணு இருந்தா லிங்க் அனுப்பி முடிச்சிரலாம். அதுக்கு வியூஸ் 50 கூட வேணாம், வாங்குனவன் பாத்தாப் போதும். பிளஸ் டூ கணக்கு டியூஷன் எடுக்குற மாஸ்டர், செடி விக்கிற நர்சரி, பல் டாக்டர் எல்லாருக்கும் வேணும். ரேட்டு பேசும்போது ஒரு வீடியோவுக்கு இவ்வளவுன்னு பேசாதீங்க, மாசத்துக்கு எத்தன ரீல், எத்தன தடவ கரெக்‌ஷன்னு முதல்லயே வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிட்டு, பாதி அட்வான்ஸ் வந்ததும் கேமராவத் தூக்குங்க. சொந்தக்காரங்க கடைன்னாலும் அப்படித்தான்.

சினிமாப் பாட்டப் போடாதீங்க. யூடியூப்ல காப்பிரைட் கிளைம் விழுந்தா விளம்பரக் காசு பாட்டுக்காரங்களுக்குப் போயிரும், கடைக்காரர் பேருக்கும் தேவையில்லாத தலவலி. யூடியூப் ஆடியோ லைப்ரரில சும்மாவே கெடைக்குது. பணம் வாங்கிட்டுப் பேசுற வீடியோல விளம்பரம்னு தெளிவாப் போட்டுருங்க, 2021ல இருந்து அதுக்குன்னு நெறிமுறையே இருக்கு. ஓசியா வர்ற பொருளுக்கும் கணக்கு வைங்க, ஒரே ஆள்கிட்ட இருந்து வருசத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல போனா அதுக்கும் டிடிஎஸ், அதாவது குடுக்குறவங்களே முன்கூட்டிப் புடிச்சுக் கட்டுற வரி, உண்டு.

இன்னொன்னு மனசுல இருக்கு. 2020 ஜூன் 29 ராத்திரி டிக்டாக்க தடை பண்ணாங்க. நம்ம ஊருப்பக்கம் லட்சக்கணக்குல ஃபாலோயர் வச்சிருந்த பசங்க, அக்காமாரு எல்லாம் திடீர்னு ஒண்ணுமில்லாம நின்னாங்க. அதுல தெறமையான ஆளுக நிறைய பேரு, எனக்கு இன்னைக்கும் அது ஆறல. அதனால எடுத்த ஒரிஜினல் ஃபைல ஹார்ட் டிஸ்க்ல வைங்க, வேலை குடுக்குற கடைக்காரங்க நம்பர் உங்க கையில இருக்கட்டும், அத எந்த ஆப்பும் புடுங்க முடியாது.

கேமராவுக்கு வருவோம். இப்ப கையில இருக்குற போனே போதும். முதல்ல ஒரு காலர் மைக் வாங்குங்க, மாசி வீதி ஹாரன் சத்தத்துல பேசுறது கேக்கலன்னா வீடியோ எவ்வளவு பளிச்சுன்னு இருந்தாலும் ஆளு தள்ளிட்டுப் போயிருவான். அப்பறம் ஒரு டிரைபாட். லைட்ட வாங்காதீங்க, காலைல 8 மணில இருந்து 10 மணி வரைக்கும் வாசல்ல வர்ற வெளிச்சமே அருமையா இருக்கும், கடையிலயும் அப்ப கூட்டம் இருக்காது. ஜவுளிக்கடையா இருந்தா ஆவணி மாசமே போய்ப் பேசிருங்க, தீபாவளிச் சரக்கு எறங்குற நேரம் அது, ஐப்பசியில போனீங்கன்னா கல்லாவுல இருக்குறவரு நிமிந்துகூடப் பாக்க மாட்டாரு.