நிறமும் சாப்பாடும்: மூன்று மாத மரபுத்தொடர் நோட்டு

ஜூன் முதல் வாரம் ஒரு நோட்டு வாங்கினேன். ஆங்கிலத்தில் நிறமோ தின்பண்டமோ வரும் மரபுத்தொடர்களைத் தினம் இரண்டாகச் சேர்ப்பது என்று திட்டம். தூத்துக்குடியில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்க வெளிநாட்டு மெயில்களுக்குப் பதில் எழுதுகிறேன். இலக்கணம் எப்படியோ ஓடிவிடும். இந்தத் தொடர்கள் வரும் இடத்தில்தான் நின்றுவிடுவேன்.

முதல் இரண்டு வாரம் வீண். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் அர்த்தம் என்று 28 எழுதி மனப்பாடம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆறாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளிடம் நோட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். 9தான் சரியாக வந்தது. 'ஸ்பில் தி பீன்ஸ்' என்றால் ரகசியத்தைப் போட்டு உடைப்பது என்று எத்தனை முறை எழுதினாலும் நிற்கவில்லை. 'சவர் கிரேப்ஸ்' மட்டும் படித்த உடனே ஒட்டிக்கொண்டது. 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்ற நரியை நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும், அவ்வளவுதான்.

சரி, முறையை மாற்றினேன். இரண்டு விஷயம் கிடைத்தால்தான் ஒரு தொடர் நோட்டில் ஏறும். அதற்குப் பின்னால் இருக்கும் நிஜப் பொருள் ஒன்று. அதே இடத்தில் நம் வாயில் தானாக வரும் தமிழ்த் தொடர் இன்னொன்று. 'பீஸ் ஆஃப் கேக்' சுலபம்: அல்வா சாப்பிடுகிற மாதிரி. அல்வா கொடுப்பது வேறு என்று பக்கத்திலேயே குறித்துக்கொண்டேன். 'ரெட் ஹேண்டட்' என்றால் கையும் களவுமாக. கை இரண்டிலும் உண்டு. நாம் கையில் திருட்டுப் பொருளைப் பார்க்கிறோம், அவர்கள் ரத்தத்தைப் பார்த்தார்கள்.

நான்காவது வாரம் முழுக்க 'ரெட் ஹெர்ரிங்' எடுத்துக்கொண்டது. நிறமும் சாப்பாடும் ஒன்றாக வருவதால் ஆசையாகத் தொட்டேன். கவனத்தைத் திசைதிருப்பும் பொய்த் தடயம் என்று அர்த்தம் தெரியும். ஆனால் ஏன் மீன், ஏன் சிவப்பு? ஹெர்ரிங் நம் மத்திக்கு உறவான மீன். உப்பில் ஊறவைத்து நாள்கணக்கில் புகை போட்டால் செம்பழுப்பாகிவிடும். புகை போட்ட கருவாடு என்று வைத்துக்கொள்ளலாம். வில்லியம் காபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 1807இல் ஒரு கதை எழுதினார். சிறுவனாக இருந்தபோது, முயலைத் துரத்தி வந்த வேட்டை நாய்களை இந்த மீனின் வாடையைக் காட்டி வேறு பக்கம் இழுத்துவிட்டாராம். நெப்போலியன் தோற்றான் என்ற பொய்ச் செய்தியின் பின்னால் ஓடி, உள்நாட்டு விஷயங்களைக் கோட்டைவிட்ட பத்திரிகைகளைச் சாடத்தான் இதைச் சொன்னார். கதை மறந்துபோய் உவமை நின்றுவிட்டது.

படித்ததோடு விட மனசில்லை. அன்று சாயங்காலம் நெத்திலிக் கருவாடு வாங்கி வந்தேன். ஒரு அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது, பெருங்காயம் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தேன். பக்கத்து அடுப்பில் எண்ணெய் காய்ந்து கருவாட்டைப் போட்டதும், அரை நிமிடத்தில் சாம்பார் இருந்த இடம் மூக்குக்குத் தெரியவில்லை. மாடி வீட்டு அக்கா ஜன்னல் வழியாக, "இன்னைக்குக் கருவாடா?" என்று கேட்டார். நாய்கள் ஏன் முயலை விட்டன என்று அடுப்படியில் நின்றபடியே புரிந்தது. அதற்கப்புறம் இந்தத் தொடர் மறக்கவே இல்லை.

ஆறாவது வாரம் பச்சை. ஆங்கிலத்தில் பொறாமைக்குப் பச்சை. ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வில் பொறாமை பச்சைக் கண் கொண்ட பூதமாக வரும். நமக்குப் பொறாமையில் நிறம் இல்லை, வயிறுதான் எரியும். அங்கே நிற்காமல் அடுத்த வரிக்குப் போனதுதான் நல்லதாயிற்று. வேலைக்குப் புதிதாக வந்த, விவரம் தெரியாத ஆளையும் 'கிரீன்' என்கிறார்கள். பழுக்காத காய் என்ற நினைப்பு. நாமும் பச்சைக் குழந்தை, பச்சைத் தண்ணீர் என்கிறோமே! காய்ச்சாதது, பக்குவப்படாதது எல்லாம் நமக்குப் பச்சை. அதே சொல் பச்சைத் துரோகம், பச்சைப் பொய் என்றும் போகிறது. ஆங்கிலத்தில் யாரையும் நோகடிக்காத பொய் வெள்ளைப் பொய். தமிழில் பூச்சே இல்லாத அப்பட்டமான பொய் பச்சைப் பொய். இந்த ஒரு பக்கத்துக்காகவே மூன்று மாதம் உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஒன்பதாவது வாரம் 'ஆப்பிள் ஆஃப் மை ஐ'. உயிருக்கு உயிரானவரைச் சொல்வது. பழைய ஆங்கிலத்தில் கண்ணின் கருமணிக்கே ஆப்பிள் என்று பெயர், உருண்டையான பொருள் என்று நினைத்ததால். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் உபாகமம் 32:10இல் இந்த ஆப்பிள் வருகிறது; தமிழ் பைபிளில் அதே இடத்தில் 'கண்மணியைப்போல' என்று இருக்கிறது. கருமணியை இன்றைய ஆங்கிலத்தில் 'ப்யூபில்' என்பது, சின்னப் பொம்மை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதைப் படித்ததும் குறள் 1123 நினைவுக்கு வந்தது: 'கருமணியிற் பாவாய்நீ போதாயாம்'. என் காதலிக்கு இடம் வேண்டும், கண்ணில் இருக்கும் பாவையே நீ போய்விடு என்கிறான். பாவை என்றாலும் பொம்மைதான்.

அக்கா மகளை ஜன்னலோரம் உட்காரவைத்து அவள் கண்ணைக் கிட்டத்தில் பார்த்தேன். கறுப்பு வட்டத்துக்குள் கடுகளவு உருவம், பின்னால் ஜன்னல் கம்பிகூடத் தெரிந்தது. அவளும் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "சித்தி, உள்ளே நான் குட்டியா இருக்கேன்" என்றாள். நோட்டில் அந்தப் பக்கத்தை அவள் கையாலேயே எழுதச் சொன்னேன்.

இப்போது செப்டம்பர். 43 தொடர்கள் ஏறியிருக்கின்றன. போன ஞாயிறு 38 சரியாகச் சொன்னேன். நீலம்தான் இழுக்கிறது. 'ப்ளூ மூன்' மட்டும் முடிந்தது: ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியை இன்று அப்படிச் சொல்கிறார்கள், 2023 ஆகஸ்டில் வந்ததே, அது. எதிரில் 'அத்தி பூத்தாற்போல' என்று எழுதினேன். மனசு சோர்ந்து கிடப்பதைச் சொல்லும் 'ஃபீலிங் ப்ளூ'வுக்கு நேராக நீலிக்கண்ணீர் என்று எழுதி அடித்துவிட்டேன். அது பொய் அழுகை, நீலி என்ற பேயின் பெயரால் வந்தது, நிறத்தோடு சேராது. அந்தப் பக்கம் காலியாகவே இருக்கட்டும். அடுத்த வாரம் உப்பை எடுக்கிறேன், 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று மேலே எழுதி வைத்தாயிற்று.