மார்கழித் தூண்டில்

டிசம்பர் 21, 2025, ஞாயிறு

ஆறு மணிக்கே கண்மாய்க்கரை ஏறிவிட்டேன். மேலூர்ப் பக்கத்து ஊர் எங்களுடையது. இந்த வருஷம் பெரியாற்றுத் தண்ணீரும் கார்த்திகை மழையும் சேர்ந்து, மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கைத் தொட்டுவிட்டது. பனியில் எதிர்க்கரையே தெரியவில்லை. மடைக்குப் பக்கத்தில், ஆழம் பார்த்து, மண்புழு கோத்துப் போட்டேன். பத்து மணி வரை தக்கை ஒரு சொட்டுக்கூட ஆடவில்லை. புரட்டாசியில் இதே இடத்தில் அரை மணிக்கு ஒரு உளுவை வந்தது.

டிசம்பர் 22, திங்கள்

ராத்திரி பாஸ்டனிலிருந்து தம்பி பேசினான். உளுவை கடிக்கவில்லை என்றதும், "அண்ணே, இங்க வந்து பாருங்க, பத்து டிகிரிக்கும் கீழ இருக்கிற கடல்ல மீன் பிடிக்கிறோம்" என்றான். அவன் ஏப்ரலில் பிடிப்பது ஃப்ளவுண்டர் என்ற தட்டை மீன். குளிர்காலத்தில் கழிமுகத்துக்குள் வந்து முட்டையிடுமாம். உறைகிற தண்ணீரிலும் ரத்தம் உறையாதபடி அதன் உடம்பிலேயே ஒரு புரதம் இருக்கிறதாம். சேற்றில் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடக்கும்.

நான் கேட்டது ஒன்றுதான்: அவ்வளவு குளிரில் எப்படிக் கடிக்கிறது? அவன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். வெயில் ஏறி மேடான சேற்றுப்பரப்பு சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். கடல் தண்ணீர் இறங்குகிற வற்றம் தொடங்கினால் அந்தச் சூடான தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்கும், மீன் அங்கேதான் வாயைத் திறக்கும். தூண்டில் நரம்பில் கட்டிய ஈயக்குண்டால் அடிச்சேற்றைத் தட்டிக் கலக்க வேண்டும். குளிரில் மீன் துரத்தி வராது, இரைதான் அதன் வாய்க்குப் போக வேண்டும். 12 அங்குலத்துக்குக் குறைந்தால் திருப்பி விட்டுவிடுவானாம்.

டிசம்பர் 25, வியாழன்

லீவு. கரிமேடு மார்க்கெட்டில் நாக்கு மீன் கிடந்தது. அரைக் கிலோ வாங்கி வந்து மகளுக்குக் காட்டினேன். இரண்டு கண்ணும் ஒரே பக்கம். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல நிமிர்ந்து நீந்தும். வளர வளர ஒரு கண் மண்டையைத் தாண்டி அடுத்த பக்கம் வந்துவிடும், அப்புறம் படுத்த வாழ்க்கைதான். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். தோலை உரித்துப் பொரித்தோம். தம்பியின் ஃப்ளவுண்டருக்குக் கண் வலப்பக்கம், இதற்கு இடப்பக்கம்.

டிசம்பர் 28, ஞாயிறு

மீன் தொட்டிக் கடையில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். ஏழு மணிக்கு மடைப்பக்கம் 23 டிகிரி. பிற்பகல் இரண்டு மணிக்கு உள்வாயில், அதாவது கண்மாயின் மேடான உள்பக்கத்தில், முழங்கால் தண்ணீரில், 27. நான்கு டிகிரி! இத்தனை வருஷம் மார்கழியில் ஆழத்திலேயே தூண்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்மாய்க்கு வற்றமும் ஏற்றமும் கிடையாது. ஆனால் வெயில் உண்டு, சேறு உண்டு. உளுவையும் தரையில் வயிற்றைப் பதித்துக் கிடந்து பாய்கிற மீன்தான். தக்கையைக் கழற்றினேன். சின்ன ஈயம், ஒரு முழம் நரம்பு, முள். ஈயத்தை இரண்டு தட்டு தட்டி, விரற்கடை விரற்கடையாக இழுத்தேன். முதல் முள் கருவேல வேரில் மாட்டி அறுந்தது. இரண்டாவதில் ஒரு கனம் தெரிந்தது, இழுப்பு இல்லை. வேர் என்றே நினைத்தேன். அந்தக் கனம் நகர்ந்தது. ஒரு சாண் நீள உளுவை.

ஜனவரி 4, 2026, ஞாயிறு

மூடாப்பு, வெயிலே இல்லை. உள்வாயும் மடையும் ஒரே 23. ஒன்றும் இல்லை.

ஜனவரி 11, ஞாயிறு

நல்ல வெயில். ஒன்றரை மணியிலிருந்து மூன்றரைக்குள் ஐந்து உளுவை, ஒரு கெளுத்தி. தம்பி சொன்னதில் ஒன்றை மாற்றிவிட்டேன். அவன் மீனுக்கு வாய் சிறிது, அதனால் சின்ன முள் போடுகிறான். உளுவைக்கு மண்டையில் பாதி வாய். சின்ன முள்ளை விழுங்கிவிடுகிறது, எடுக்கும்போது செவுள் கிழிகிறது, குட்டியாக இருந்தாலும் விட முடிவதில்லை. பெரிய முள் போட்டதும் உதட்டிலேயே மாட்டியது. விரல் நீளம் இருந்த இரண்டையும் கையை நனைத்துப் பிடித்துத் தண்ணீரில் விட்டேன். சேற்றைத் தொட்டதும் மறைந்துவிட்டன.

குத்தகைக்காரர் கரையில் நின்று பார்த்தார். "என்ன மாப்ள, உச்சி வெயில்ல வந்து உட்கார்ந்திருக்கீங்க" என்றார். தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டுக் காட்டினேன். வாங்கி, இரண்டு இடத்தில் அவரே முக்கிப் பார்த்தார்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டிவிட்டு மதியம் உள்வாய்க்குப் போனேன், மகளும் வந்தாள். அவள் கையிலேயே ஒன்று மாட்டியது. சாயங்காலம் போட்டோவைத் தம்பிக்கு அனுப்பினேன். அங்கே விடிகாலை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்ததாம். ஏப்ரலுக்கு இன்னும் எத்தனை வாரம் என்று எண்ணிக்கொண்டிருந்தான்.