சிங்கப்பூரில் விவாகரத்து: எந்தத் தேதியிலிருந்து கணக்கு?

கோயிலில் தாலி கட்டிய நாள்தான் நம் வீடுகளில் கல்யாண நாள். சட்டம் பார்ப்பதோ பதிவுச் சான்றிதழில் உள்ள தேதியை. பிடிஓ வீட்டுக்காக (முன்பதிவு செய்து வாங்கும் புதிய வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு) ஆர்ஓஎம் எனும் திருமணப் பதிவை முன்பே முடித்து, ஒன்றிரண்டு வருடம் கழித்துக் கோயிலில் கல்யாணம் வைக்கும் ஜோடிகளுக்கு இது பெரிய வித்தியாசம். பதிவு செய்து மூன்று ஆண்டு ஆகாமல் விவாகரத்து மனு போட முடியாது. விதிவிலக்கான துன்பத்தையோ கொடுமையையோ காட்டி நீதிமன்றத்தின் அனுமதி வாங்கினால் மட்டுமே முடியும். அந்த மூன்று ஆண்டு, பதிவு நாளிலிருந்து ஓடுகிறது. 1961 செப்டம்பர் 15க்குப் பிறகு இங்கே சடங்கை மட்டும் செய்து பதிவே செய்யாமல் விட்டவர்களுக்கு விவாகரத்து என்ற பேச்சே எழாது. சட்டத்தின் கண்ணில் அது திருமணம் ஆகவில்லை. முஸ்லிம் திருமணங்களுக்கு ஷரியா நீதிமன்றம், நடைமுறையும் வேறு. இங்கே சொல்வது மாதர் சாசனம் என்ற திருமணச் சட்டத்தின் கீழ் குடும்ப நீதிமன்றத்தில் நடப்பது.

ஊரில் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வேலை பார்ப்பவர்களும் இங்கே மனு போடலாம். இருவரில் ஒருவருக்குச் சிங்கப்பூர் நிரந்தரத் தாயகமாக இருக்க வேண்டும். அல்லது மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டும் இங்கேயே வழக்கமாகக் குடியிருந்திருக்க வேண்டும். திருமணச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை.

ஆனால் சிக்கல் தீர்ப்புக்குப் பிறகுதான் வருகிறது. இங்கே கிடைத்த தீர்ப்பை இந்திய நீதிமன்றம் தானாக ஏற்றுக்கொள்ளாது. 1991இல் ஒய். நரசிம்ம ராவ் என்பவரின் விவாகரத்து வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இதற்கு விதி வகுத்தது. எந்தச் சட்டத்தின் கீழ் திருமணம் நடந்ததோ, அந்தச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணத்தில் விவாகரத்து தரப்பட்டிருக்க வேண்டும். எதிர்த் தரப்பு தானாக முன்வந்து வழக்கில் முழுமையாகக் கலந்துகொண்டிருக்க வேண்டும். அல்லது விவாகரத்துக்குச் சம்மதித்திருக்க வேண்டும். மனைவி ஊரில் இருக்க, கணவர் இங்கே மனு போட்டு ஒருதலையாக வாங்கிய தீர்ப்பு அங்கே அடிபடுவது இதனால்தான். அதை நம்பி ஊரில் இரண்டாம் கல்யாணம் செய்பவர் குற்ற வழக்கில்கூட மாட்டலாம். இங்குள்ள வழக்கறிஞரிடம் போகும் அதே வாரம் ஊரில் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுவிடுங்கள்.

இனி காரணம். திருமணம் மீள முடியாமல் முறிந்துவிட்டது என்பது ஒன்றே சட்டக் காரணம். அதைக் காட்ட வழிகள் ஆறு: துணை வேறொருவரோடு வைத்த தகாத உறவு, சகித்து வாழ முடியாத நடத்தை, இரண்டு ஆண்டு கைவிட்டுப் போனது, மூன்று ஆண்டு பிரிவோடு மற்றவர் சம்மதம், சம்மதம் இல்லாவிட்டால் நான்கு ஆண்டு பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பரஸ்பர உடன்பாடு. கடைசியாக வந்த இதில் யார் மீதும் பழி போட வேண்டியதில்லை. இரண்டு கையெழுத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தால் தவறு. ஏன் இந்த முடிவு, சேர்ந்து வாழ என்ன முயற்சி செய்தீர்கள், பிள்ளைகளுக்கும் பணத்துக்கும் என்ன ஏற்பாடு யோசித்தீர்கள் என்று எழுதித் தர வேண்டும். சேர்ந்து வாழ இன்னும் நியாயமான வாய்ப்பு இருப்பதாக நீதிமன்றம் கருதினால் ஏற்காது. 21 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் மனு போடும் முன்பே இணைப்பெற்றோர் திட்டம் என்ற பெற்றோருக்கான வழிகாட்டல் வகுப்பை முடித்தாக வேண்டும்.

பிரிந்து வாழ்ந்ததாகச் சொல்பவர்கள் பிரிந்த தேதியைக் குறித்து வைப்பதில்லை. வாடகை கட்ட முடியாமல் ஒரே வீட்டில் இருந்தாலும் பிரிவு பிரிவுதான். ஆனால் தனி அறை, தனிச் சமையல், தனித்தனி துணி துவைப்பு என்று இரண்டு குடித்தனமாக நடந்தது தெரிய வேண்டும். ஒரே குழம்பை இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்த வாதம் நிற்காது. நடத்தையைக் காரணம் காட்டுவோர் 'எப்போதும் சண்டை' என்று எழுதிப் பயனில்லை; எந்த மாதம், என்ன நடந்தது, அதனால் உங்களுக்கு என்ன ஆனது என்று எழுத வேண்டும். அடி, மிரட்டல் இருந்தால் பாதுகாப்பு ஆணைக்கு உடனே மனு போடுங்கள். விவாகரத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

தீர்ப்பு இரண்டு படி. முதலில் இடைக்காலத் தீர்ப்பு வரும்: திருமணம் முறிந்தது என்பதை அது ஏற்கிறது. பிறகுதான் பிள்ளை, வீடு, பணம். இறுதித் தீர்ப்புச் சான்றிதழ் வர இடைக்காலத் தீர்ப்பிலிருந்து குறைந்தது மூன்று மாதம் ஆக வேண்டும். பணம், பிள்ளை விவகாரமும் முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன் மறுமணம் கூடாது. எல்லாவற்றிலும் உடன்பாடு இருந்தால் எளிய முறையில் மனு போடலாம். பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு நேரில் போக வேண்டியிருக்காது.

உடன்பாடு இல்லாவிட்டால் சண்டை வீட்டில்தான் மையம் கொள்கிறது. ஒரு உதாரணம். வீவக வீடு 6 லட்சம் வெள்ளிக்கு விற்கிறது. கடன் 2.5 லட்சம். வீட்டுக்காக இருவரும் எடுத்த சிபிஎஃப் (மத்திய சேமநிதிப் பணம்), 2.5 விழுக்காட்டு வட்டியோடு, திரும்பக் கட்ட வேண்டியது 3 லட்சம். கையில் மிஞ்சுவது 50 ஆயிரம், அதிலும் ஏஜெண்ட் கமிஷன் போக. 'விற்ற பணத்தில் ஆளுக்குப் பாதி' என்று மட்டும் உடன்பாட்டில் எழுதினால், சிபிஎஃப்பைத் திருப்பும் முன்பா, பிறகா என்பதில் வருடக்கணக்கில் இழுக்கும். ஆணையில் அதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஒருவர் வீட்டை வைத்துக்கொள்ள விரும்பினால், பிள்ளையை வளர்க்கும் பொறுப்போ, தனியாளாக 35 வயதும் குடியுரிமையுமோ இருக்கிறதா என்று வீவகவிடம் முன்பே கேளுங்கள். ஐந்தாண்டு கட்டாயக் குடியிருப்பு முடியாத வீட்டைச் சந்தையில் விற்க முடியாது. வீவகவிடமே ஒப்படைக்க நேரலாம்.

சொத்தைப் பிரிக்கும்போது நீதிமன்றம் யார் எவ்வளவு பணம் போட்டார் என்பதை ஒரு விகிதமாகவும், வீட்டையும் பிள்ளைகளையும் யார் எவ்வளவு பார்த்தார் என்பதை இன்னொரு விகிதமாகவும் வைத்துச் சராசரி எடுக்கும். 2015இல் வந்த முறை இது. ஒருவர் மட்டும் சம்பாதித்த நீண்ட காலத் திருமணங்களில் 2017 முதல் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. சமமாகப் பிரிக்கும் போக்குதான் இருக்கிறது. வேலைக்குப் போகாத அக்காமார் 'எனக்கு ஒன்றும் வராது' என்று கையெழுத்துப் போட்டுவிடுவது பெருந்தவறு. அம்மா வீட்டில் போட்ட நகை நன்கொடை. பொதுவாகப் பங்கில் சேராது. விவாகரத்து நெருங்கும் நேரத்தில் ஊருக்கு அனுப்பிய பெரிய தொகையைத் திரும்பக் கணக்கில் சேர்ப்பார்கள்.

பிள்ளைக்கான பராமரிப்புத் தொகை 21 வயது வரை. படிப்போ உடற்குறையோ இருந்தால் அதற்கு மேலும் கேட்கலாம். மகன் தேசிய சேவையில் இருந்தாலும் கேட்கலாம். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இறுதிச் சான்றிதழ் வந்த வாரத்தில் இன்னொரு வேலை இருக்கிறது. திருமணம் பழைய உயிலையும் சிபிஎஃப் நியமனத்தையும் ரத்து செய்யும். விவாகரத்து இரண்டையும் தொடாது. முன்னாள் துணையின் பெயர் அங்கே அப்படியே இருக்கும், நீங்கள் போய் மாற்றும் வரை.